ஓலையும் மகரந்தமும் ஒரே கூரையின் கீழ்

புதுச்சேரியில் கடலை ஒட்டிய செயின்ட் லூயி வீதியில் இருக்கிறது பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். ஊர்க்காரர்களுக்கு அது ‘பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்’. வாசலில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போனால், ஆகமச் சுவடி படிக்கிற பண்டிதரும், காட்டு மரத்தின் சுற்றளவை அளக்கிற தாவரவியலாளரும், கிராமத்துக் குடும்பங்களின் கடனைக் கணக்கெடுக்கிற பொருளாதார ஆய்வாளரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். நம் பல்கலைக்கழகங்களில் இந்த மூவருக்கும் இடையே குறைந்தது இரண்டு கட்டடமும் ஒரு மைதானமும் இருக்கும். ஒருவர் என்ன செய்கிறார் என்பது மற்றவருக்கு ஆண்டறிக்கையில்தான் தெரியவரும். இத்தனை வகை ஆய்வும் பக்கத்துப் பக்கத்து அறையில் நடக்கும் இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

நிறுவனம் திறக்கப்பட்டது 1955 மார்ச் 21-ல். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1954 நவம்பர் 1 அன்றுதான், புதுச்சேரியின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்திருந்தது. நிறுவனத்தைத் தொடங்கி நடத்திய ழான் ஃபிலியோசா ஒரு கண் மருத்துவர். மருத்துவம் பார்த்துக்கொண்டே சமஸ்கிருதம், பாலி, திபெத்திய மொழி, தமிழ் என்று கற்று, இந்திய மருத்துவ மரபை மூலநூல்களிலிருந்து ஆராய்ந்தவர். தொடக்க ஆண்டுகளிலேயே இந்தியவியலோடு தாவரவியலும் இங்கே சேர்ந்துகொண்டதில் எனக்கு வியப்பு இல்லை.

முதலில் சுவடிகள். உள்ளே நுழையும்போதே எலுமிச்சைப்புல் எண்ணெயின் வாசனை. பூச்சி அண்டாமல் இருக்கவும், காய்ந்த ஓலைக்கு நெகிழ்வு வரவும் அதைத் தடவுகிறார்கள். பொறுப்பாளர் ஒரு கட்டைப் பிரித்து மேலேட்டை என் பக்கம் திருப்பினார். “பாருங்க சார், தொட வேண்டாம். ஓரம் உதிருது” என்றார். எழுத்தாணிக் கீறலில் கரி தேய்த்த கிரந்த எழுத்துகள், மிகச் சிறியவை, வரி கொஞ்சமும் வளையாமல் போயின. இங்குள்ள சுவடிகளில் பெரும்பகுதி சைவ ஆகமங்களும் அவற்றைச் சார்ந்து சடங்கு முறை சொல்லும் பத்ததிகளும். 1950-களின் நடுவில் தொடங்கி, தென்னாட்டுக் கோயில்கள், மடங்கள், குருக்கள் வீடுகள் என்று தேடிச் சேர்த்தவை. நம் தட்பவெப்பத்தில் ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. முன்பு ஒவ்வொரு சில தலைமுறைக்கும் யாராவது உட்கார்ந்து புது ஓலையில் படியெடுத்தார்கள். அச்சு வந்தபின் அந்த வழக்கம் நின்றுபோனது. அப்படி நின்றுபோன நேரத்தில் இந்தச் சேகரிப்பு நடந்திருக்கிறது. இதே ஊரில் இருக்கும் தூரக்கிழக்கு பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் சுவடிகளையும் சேர்த்து, சுமார் 11,000 சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன.

சேர்ப்பது பாதி வேலைதான். ஒரே ஆகமத்துக்கு ஊர் ஊராகப் படிகள் கிடைக்கும். ஒன்றில் ஒரு சொல் இருக்கும், இன்னொன்றில் வேறு சொல் இருக்கும், மூன்றாவதில் அந்த இடத்தைச் செல்லரித்திருக்கும். எல்லாவற்றையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, எது மூலத்துக்கு நெருக்கம் என்று முடிவுகட்டி, மற்ற பாடபேதங்களை அடிக்குறிப்பில் தர வேண்டும். என்.ஆர். பட் இங்கே ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து செய்தது இதைத்தான். அவர் பதிப்பித்த ரௌரவாகமத்தின் முதல் பகுதி 1961-ல் வந்தது. கோயில் வழிபாடு பற்றி இன்று நடக்கும் எந்த விவாதத்திலும் ‘ஆகமத்தில் இருக்கிறது’ என்று குரல் உயர்த்துகிறவர்கள் பலர். அந்த ஆகமத்தைத் திறந்து பார்ப்பதற்கு இப்படிப்பட்ட பதிப்புகள்தான் வழி.

அங்கிருந்து தாவரத் தொகுப்புக்குப் போனேன். அழுத்தி உலர்த்திய செடிகளைத் தடித்த தாளில் ஒட்டி, அலமாரியில் குடும்பவாரியாக அடுக்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ 27,000 மாதிரிகள், பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வந்தவை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சீட்டு: எந்தக் காடு, எவ்வளவு உயரம், எந்தத் தேதி, பறித்தவர் யார். சுவடியின் கடைசி ஏட்டிலும் எழுதி முடித்தவர் பெயரும் நாளும் ஊரும் சில சமயம் இருப்பதைச் சற்று முன்புதான் பார்த்திருந்தேன். அந்தச் சீட்டு போனால் செடி வெறும் காய்ந்த இலையாகிவிடும். எப்போது, எங்கே என்ற விவரம் இருந்தால்தான் ஐம்பது ஆண்டு கழித்து அதே சரிவுக்குப் போய், அந்தச் செடி இன்னும் அங்கே இருக்கிறதா என்று ஒருவர் பார்க்க முடியும்.

அடுத்துப் பார்த்தது மகரந்த ஆய்வகம். அங்கிருந்து கிளம்ப எனக்கு மனமே வரவில்லை. மகரந்தத் துகளின் வெளிச்சுவர் இயற்கை படைத்த பொருள்களிலேயே மிக உறுதியானவற்றுள் ஒன்று. அடர் கந்தக அமிலம் கலந்த கரைசலில் கொதிக்கவைத்தால் உள்ளிருப்பது கரையும், சுவர் நிற்கும். அந்தச் சுவரின் முள், துளை, வலைப்பின்னல் ஆகியவற்றை வைத்து எந்தச் செடிக் குடும்பம், பல நேரம் எந்த இனம் என்று சொல்லிவிடலாம். கண்ணாடித் தகடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட மகரந்த மாதிரிகள் இங்கே உள்ளன. மண்ணுக்கடியிலிருந்து ஒரு துகள் கிடைத்தால், அது யாருடையது என்று ஒப்பிட்டுச் சொல்ல இவைதான் ஆதாரம். நுண்ணோக்கிக்கு எதிரே என்னை உட்காரவைத்த ஆய்வாளர், “மெதுவா வட்டத்தைத் திருப்புங்க, தெளிவா வரும்” என்றார். மங்கலாக இருந்த புள்ளி, முள் முளைத்த உருண்டையாக எழுந்து நின்றது. செம்பருத்தியாம்.

இந்தத் தொகுப்பு கணபதி தணிகைமொனியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உலகெங்கும் மகரந்தவியலாளர்கள் அறிந்த பெயர். தமிழ் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பனை, சேம்பு ஆகியவற்றின் குடும்பங்களிலிருந்து அலையாத்திக் காடுகள் வரை அவர் ஆராய்ந்தார். பூக்கும் தாவரங்களின் மகரந்த அமைப்பு பற்றி உலகில் எழுதப்பட்டவற்றுக்கு அட்டவணை தொகுத்தார். 1986 செப்டம்பர் 5 அன்று, நியூயார்க் நோக்கிச் சென்ற பான் ஆம் விமானம் கராச்சியில் கடத்தப்பட்டபோது கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அப்போது வயது 48.

இந்த நுண்துகள்களால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நீலகிரியைச் சொல்லலாம். அங்கே மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் சோலை. மனிதர்கள் காட்டை எரித்ததால்தான் புல்வெளி வந்தது என்று ஒரு வாதம் நெடுநாள் இருந்தது. புல்வெளியைத் தரிசு என்று எண்ணி அதில் சீகையையும் தைலமரத்தையும் நட்ட காலமும் உண்டு. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் சதுப்பின் அடியில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த கரிய சேற்றிலிருந்து மகரந்தத்தைப் பிரித்து, இந்த நிறுவனத்தின் ஆய்வாளர் வசந்தி 1988-ல் முடிவுகளை வெளியிட்டார். அந்த மலையில் பயிர்த்தொழில் தொடங்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பே புல் இருந்தது என்பது அப்படித்தான் துலங்கியது. 1993-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் அதே நீலகிரிச் சேற்றின் கரிம ஐசோடோப்புகளை ஆராய்ந்து, காலநிலை மாற மாறப் புல்லும் மரமும் ஏறி இறங்கிய கதையைச் சொன்னார்கள். இன்று சோலைப் புல்வெளியைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்களின் கையில் இருக்கும் வலுவான சான்று இது.

குடகு மலையில் உப்பங்களா என்ற இடத்தில் 1989-லிருந்து ஒரு காட்டுத் துண்டை இந்த நிறுவனத்தார் தொடர்ந்து அளந்துவருகிறார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு. அளக்கப் போனவர்களில் மூத்தவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள், மரம் இன்னும் பருத்துக்கொண்டிருக்கிறது.

சமூக அறிவியல் பிரிவில் சுவடியும் இல்லை, நுண்ணோக்கியும் இல்லை. கணினித் திரையில் கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களின் கடன் கணக்கு. 2010-ல் 405 குடும்பங்களிடம் போய், யாரிடம் வாங்கினீர்கள், எதற்கு வாங்கினீர்கள், எதை அடகு வைத்தீர்கள், யார் சிபாரிசு செய்தார்கள் என்று கேட்டார்கள். 2016-17-லும் 2020-21-லும் மறுபடி போனார்கள். 2016-ல் கணக்கெடுப்பு பாதி நடந்துகொண்டிருந்தபோது நவம்பர் 8 இரவு பெரிய நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அதற்கு முன்பு கேட்ட குடும்பங்களும் அதற்குப் பின்பு கேட்ட குடும்பங்களும் ஒரே கேள்வித்தாளில் இருந்தன. கையில் பணம் வற்றியபோது யார் யாரை நம்பினார்கள், சாதியும் உறவும் அதில் எப்படி வேலை செய்தன என்பதைக் காட்டும் அரிய பதிவாக அது அமைந்துவிட்டது. மகளிர் குழுக் கடன், நகைக் கடன், தண்டல் எல்லாவற்றையும் ஒரே பெண் எப்படிச் சுழற்றிச் சமாளிக்கிறாள் என்பது வங்கியின் புள்ளிவிவரத்தில் வராது. அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் வரும்.

வரைபடப் பிரிவில் நின்றது கொஞ்ச நேரம்தான். ஆனால் அங்கே பார்த்த ஒன்று மனத்தில் நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளை வகைப்படுத்தி வரைபடம் போட்ட நிறுவனம் இது. கல்வெட்டியலாளர் எ. சுப்பராயலு இங்கே இருந்தபோது, கல்வெட்டில் வரும் ஊர்ப் பெயர்களைக் கொண்டு ‘நாடு’ என்னும் பழைய நிலப்பிரிவுகளின் எல்லையைக் குறிக்கும் தென்னிந்திய வரலாற்று வரைபட வேலைக்கும் அதே வரைபட நுட்பம் பயன்பட்டது. ஆறும் மேடும் தெரியாமல் நாட்டின் எல்லை புரியாது. பழைய ஊர் எங்கே இருந்தது என்று தெரியாமல் காடு எப்போது சுருங்கியது என்பதும் புரியாது.

கடைசியாக நிழற்படக் காப்பகம். தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் செப்புத்திருமேனிகளையும் 1956 முதல் ஊர் ஊராகச் சென்று எடுத்த படங்கள் லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. எடுத்தவர்களின் நோக்கம் கலை வரலாறு: எந்தக் கை என்ன முத்திரையில் இருக்கிறது, மகுடம் எந்தக் காலத்துப் பாணி. வெளியூர்க்காரர் யாரும் எட்டிப்பார்க்காத சிறு கோயில்களுக்கும் போயிருக்கிறார்கள்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் அப்படி ஒரு ஊர். அங்கிருந்த சோழர் கால நடராசர் 2006-ல் திருடுபோய், 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டார். விற்றவர் சுபாஷ் கபூர். சிலை 1970-களின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காட்டும் ஆவணம் கூடவே இருந்தது. அந்த ஆவணத்தைப் பொய்யாக்கியது இந்தக் காப்பகத்தின் படம். 1994-ல் எடுத்தது, நடராசர் ஸ்ரீபுரந்தானில் நிற்கிறார். திருவாசியின் சுடர்களையும் உலோகத்தின் தழும்புகளையும் ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றே. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தபோது அந்தச் சிலை திருப்பித் தரப்பட்டது. விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் அப்போதே திரும்பினார். சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு இன்றும் இந்தக் காப்பகத்தைத் தேடி வருகிறது. படமெடுத்தவருக்கு நீதிமன்றம் நினைவில் இருந்திருக்காது. நாளும் இடமும் ஒழுங்காக எழுதிவைத்தார், அவ்வளவுதான்.

இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன லாபம் என்று மானியம் தருகிறவர்கள் முன்கூட்டியே கேட்கிறார்கள். கலைப் பாடங்களுக்கு இந்தக் கேள்வி முதலில் வருகிறது, அடிப்படை அறிவியலுக்கு அடுத்ததாக. செப்புத்திருமேனியின் படத்துக்கும் சேற்றில் கிடைத்த மகரந்தத்துக்கும் அன்றைக்கு எந்தப் பதில் சொல்லியிருக்க முடியும்? பயனை முதலில் நிரூபி என்று கேட்டிருந்தால் இரண்டுமே தொடங்கியிருக்காது. துறை எதுவானாலும் கவனமாகச் சேர்த்து, குறித்து, பாதுகாப்பதற்குப் பணம் தர வேண்டும் என்பதே என் கட்சி.

இதற்கு வெளிநாட்டுப் பணம் வேண்டும் என்பதும் இல்லை. திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே.எம். மேத்யூ 1967-ல் தொடங்கிய ராப்பினா தாவரகம் தமிழகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றிய பெருநூலைத் தந்தது. பழைய கல்லூரிகள் பலவற்றில் தாவரவியல் துறையின் மூலையில் செடி ஒட்டிய தாள்கட்டு இருக்கும். வரலாற்றுத் துறையில் கல்வெட்டுப் படிகள் இருக்கும். தமிழ்த் துறையில் மாணவர்கள் ஊர் ஊராகச் சேர்த்த நாட்டுப்பாடல் ஒலிநாடாக்கள் இருக்கும். கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும்போதும், ஆய்வுக்குழு வருகிறது என்று அறையை ஒழிக்கும்போதும் முதலில் வெளியே போவது இவைதான். அங்கே பணிபுரிகிற ஆசிரியர்களுக்கும் படிக்கிற மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்த அலமாரியை எடைக்குப் போட விடாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஊர், தேதி, சேர்த்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், சேர்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.