352518912 பைட்

மெமரி போதாமல் சர்வர் விழுந்துவிட்டது என்று யார் வந்து சொன்னாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: எத்தனை பைட் கேட்டு விழுந்தது? பெரும்பாலும் பதில் வராது. "ஹீப்பைக் கூட்டிடட்டுமா சார்?" என்பார்கள். பொறுங்கள், லாகில் அந்த எண்ணைப் பாருங்கள்.

மெமரி லீக் என்றால் கடைசியாகக் கேட்டது அநேகமாக அற்பத் தொகையாக இருக்கும். அதற்கு வேறு வைத்தியம். ஒரே கேட்பில் ஒரு ஜிபி என்றால் சந்தேகம் வயரில் வந்த நான்கு பைட்டுகள் மேல்தான்.

பல புரோட்டோகால்களில் செய்திக்கு முன்னால் அதன் நீளம் நான்கு பைட்டில் வரும். வாங்குகிற பக்கம் அதைப் படித்து, அவ்வளவு இடம் ஒதுக்கிவிட்டு மீதியைப் படிக்கும். நீளம் 1195725856 என்று வந்ததா? ஹெக்ஸில் எழுதுங்கள்: 47 45 54 20. ஆஸ்கியில் அது 'கெட்', பின்னால் ஒரு ஸ்பேஸ். யாரோ பிரவுசரையோ ஹெல்த் செக்கையோ உங்கள் போர்ட்டுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். 268435456 என்றால் எதிர்முனை வெறும் 16 அனுப்பி, பைட் வரிசை தலைகீழாகியிருக்கலாம்.

காஃப்காவோடு குடித்தனம் நடத்துபவர்களுக்கு 352518912 தெரிந்த முகம். 15 03 03 00. டிஎல்எஸ் போர்ட்டில் பிளெயின்டெக்ஸ்ட் கிளையன்ட் வந்து மோதினால் சர்வர் அலர்ட் அனுப்பும். 15 அலர்ட்டின் அடையாளம், 03 03 டிஎல்எஸ் 1.2-க்கான குறி. கிளையன்ட் அதை நீளம் என்று நம்பி 336 எம்பி கேட்டு, ஜாவா ஹீப் பற்றாமல் விழும். இங்கே ஹீப்பைக் கூட்டினால் இன்னும் மோசம். கேட்ட இடம் கிடைத்துவிடும், சர்வர் இணைப்பை வெட்டும், கிளையன்ட் மறுபடி இணைந்து மறுபடி 336 எம்பி கேட்கும். லாகில் இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

சி நிரல் என்றால் கூடுதல் தொல்லை. லினக்ஸ் இயல்பாகவே கையிருப்புக்கு மேல் வாக்குக் கொடுக்கும்; மால்லாக் வெற்றி என்று திரும்பும், நிஜ மெமரி தொடும்போதுதான் ஒதுக்கப்படும். கோளாறு ஓரிடம், சாவு வேறிடம். ஓஓஎம் கில்லர் சில சமயம் பக்கத்தில் சிவனே என்று ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸைத் தூக்கிவிடும். ஆகவே மால்லாக் நல் தருகிறதா என்று பார்ப்பது மட்டும் பற்றாது.

ஒதுக்கும் முன்னரே உச்சவரம்பு வேண்டும். காஃப்கா புரோக்கரின் இயல்பான வரம்பு 104857600 பைட். மீறினால் இணைப்பைத் துண்டித்துவிடும். நிராகரிக்கும்போது அந்த நான்கு பைட்டுகளை ஹெக்ஸிலும் எழுத்திலும், அனுப்பிய ஐபியோடு, லாகில் போடுங்கள். நள்ளிரவில் எழுப்பப்படுபவர் உங்களை வாழ்த்துவார்.

ஒன்றுதான் எளிதில் பிடிபடாதது: அந்த நான்கு பைட்டில் உங்கள் சொந்தத் தரவே, ஒரு வாடிக்கையாளர் பெயரின் நடு எழுத்துகள், தெரிவது. டிசிபியில் நான்கு பைட் கேட்டால் இரண்டு மட்டும் வரலாம். அதைக் கவனிக்காத ரீட் ஒன்று எங்கோ எல்லையைத் தவறவிட்டிருக்கும். அப்போது டிசிபிடம்ப்பைத் திறந்து, கடைசியாக ஒழுங்காக முடிந்த செய்தியிலிருந்து முன்னோக்கி, எண் தோன்றிய இடம் வரை ஒவ்வொரு நீளமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.