மகர்பட்டா வீடுகளில் சாக்கெட்டும் எர்த் வயரும்

கருகிப்போன சாக்கெட்டை மாற்றுவது சின்ன வேலை. அதில் கவனத்தின் பெரும்பங்கு பின்னால் இருக்கும் பச்சை எர்த் வயருக்குத்தான் போக வேண்டும். ஃபேஸோ நியூட்ரலோ விட்டுப்போனால் மிக்ஸி ஓடாது, உடனே தெரிந்துவிடும். எர்த் விட்டுப்போனாலோ எல்லாம் வழக்கம்போல ஓடும், யாருக்கும் தெரியாது.

புணேயின் ஹடப்சரில் உள்ள மகர்பட்டா நகரில் இந்த வேலைக்குக் குறைவில்லை. சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் 400 ஏக்கருக்கும் மேற்பட்ட தங்கள் நிலத்தை வெளியாருக்கு விற்காமல் ஒன்றாகச் சேர்த்து, சதீஷ் மகர் தலைமையில் எழுப்பிய ஊர் அது. கட்டுமானம் 2000 வாக்கில் தொடங்கியது. முதலில் எழுந்த கட்டடங்களின் சுவருக்குள் ஓடும் வயருக்கு 20 வயது கடந்துவிட்டது. ஐடி வேலைக்கு வந்து வாடகைக்கு இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். போர்டுக்குள் யார் எப்போது கை வைத்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

பெரும்பாலும் முதலில் கெடுவது கீசர் சாக்கெட். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அது பெரிய சுமையே இல்லை. கெடுப்பது லூஸ் கனெக்‌ஷன்தான். தளர்ந்த ஸ்க்ரூவில் மின்தடை கூடுகிறது, சூடேறுகிறது, செம்பு கறுக்கிறது. கறுத்தால் தடை இன்னும் கூடும். பிளேட் பழுப்பேறும்போது உள்ளே வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும்.

எலெக்ட்ரீஷியன் முதலில் எம்சிபியை இறக்குகிறார். பிறகு டெஸ்டரை ஓட்டையில் வைத்துப் பார்க்கிறார். அனுபவசாலி, டெஸ்டரின் சிறுவிளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பமாட்டார். மின்சாரம் இருக்கும் இன்னொரு பாயிண்டில் அதே டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்த பிறகே ஸ்க்ரூவைத் தொடுவார். கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது இளையவர்களின் வழக்கம், நல்ல வழக்கம்.

சாக்கெட்டை முன்னாலிருந்து பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். வயர் பூட்டுவதோ பின்னாலிருந்து. அங்கே இடமும் வலமும் மாறிவிடும். அதனால் பக்கத்தை நம்பாமல், சாக்கெட்டின் பின்புறம் பொறித்த எல், என் எழுத்துகளைப் பார்த்தே பூட்ட வேண்டும். கறுத்த முனையைப் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, இழைகளை முறுக்கி, ஸ்க்ரூவை இறுக்கி, வயரை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார்கள். இந்தக் கடைசி இழுப்பைத் தவிர்ப்பவரின் வேலை ஒரு கோடைகூடத் தாங்காது.

பெட்டிக்குள் பல சமயம் இரண்டு பச்சை வயர்கள் இருக்கும். ஒன்று போர்டிலிருந்து வருவது, மற்றது அடுத்த சாக்கெட்டுக்குப் போவது. அவசரக்காரர் ஒன்றை மட்டும் பூட்டி, மற்றதை டேப் சுற்றி உள்ளே தள்ளிவிடுவார். அந்த நொடியில் அடுத்த அறையின் சாக்கெட்டுகள் எர்த் இழக்கின்றன. இரண்டையும் சேர்த்து முறுக்கி எர்த் ஸ்க்ரூவில் இறுக்க வேண்டும். பெட்டி இரும்பாக இருந்தால் அதற்கும் ஒரு துண்டு வயர் தர வேண்டும்.

இதைவிட மோசமான குறுக்குவழி, எர்த் கிடைக்காத இடத்தில் நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் போடுவது. சோதித்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். ஆனால் நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் 230 வோல்ட் நேரே வாஷிங் மெஷின் உடலுக்கு வந்துவிடும். இதைச் செய்பவருக்குக் கூலி தரக்கூடாது.

பூட்டி முடித்ததும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பல்பு வைத்துப் பார்ப்பது பழைய பழக்கம். மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள வீட்டில் அது உடனே ட்ரிப் ஆகும். எர்த் அறுந்திருந்தாலோ பல்பின் வழியாக மின்சாரம் மற்ற சாதனங்களின் உடலுக்கு ஏறும். மல்டிமீட்டரே மேல்: ஃபேஸ்–நியூட்ரல் 230 வோல்ட் அளவில், ஃபேஸ்–எர்த்தும் ஏறக்குறைய அதே அளவில், நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

அடுக்குமாடியில் பச்சை வயர் மீட்டர் அறை வழியாக இறங்கி மண்ணில் புதைத்த எர்த் குழிக்குப் போகிறது. புணே தக்காணத்தின் கரும்பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். ஈரமில்லாத பாறை மின்சாரத்தை எளிதில் வாங்காது. அதனால்தான் உப்பும் கரியும் இட்ட குழிக்கு ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மழைக்காலத்தில் மட்டும் அளந்து ‘எர்த் நன்று’ என்று எழுதிய தாளுக்குப் பெரிய மதிப்பில்லை.

யார் செய்யலாம் என்பதற்கும் வரையறை உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், அமைப்பின் திறனையும் தன்மையையும் மாற்றாத விளக்கு, ஃப்யூஸ், சுவிட்ச் போன்ற மாற்றங்களுக்கு விலக்குத் தந்து, மற்ற வேலைகளை உரிமம் பெற்றவர்களுக்கு ஒதுக்கின. 6 ஆம்பியர் பாயிண்டை 16 ஆம்பியராக்குவது அந்த விலக்கில் வராது. அதற்கு வயரையும் மாற்ற வேண்டியிருக்கும்.

வீட்டுக்காரர் கவனிக்க இன்னொன்று: ஆர்சிசிபியின் ‘டி’ பொத்தானை அழுத்தி அது விழுந்தால், அந்தக் கருவி சரியாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். எர்த் வயர் அறுந்திருந்தாலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும்.