கூனிமேட்டில் ஒரு விருந்தாளி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மரக்காணம் வருவதற்குள் தூங்கிப்போய் விடுகிறார்கள். அவர்கள் மேல் தவறில்லை. அந்த உப்பங்காற்றுக்கு அப்படியொரு தாலாட்டுக் குணம் உண்டு. ஆனால் விழித்திருப்பவர்களுக்கு ஓர் அரிய காட்சி கிடைக்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தாற்போல் பாத்திகள். அவற்றின் வரப்புகளில் வெள்ளை வெளேரென்று குவியல்கள். "இதென்ன, தமிழ்நாட்டில் பனி பெய்கிறதா?" என்று பக்கத்து இருக்கைக் குழந்தை கேட்டது. "இல்லை கண்ணே, நாளைக்கு உன் ரசத்தில் விழப் போகிற உப்பு" என்றேன்.

சென்ற மாசி மாதம் அந்த வழியாகத்தான் நான் கூனிமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். புதுச்சேரிக்கு வடக்கே சுமார் இருபது கிலோ மீட்டரில் இருக்கும் கடலோரக் கிராமம். கோபுரமோ கோட்டையோ பார்க்கப் போகவில்லை. கடல் கடந்து வந்த ஒரு பெண், அங்கே ஒரு குடும்பத்தோடு மூன்று வாரம் தங்கி ஊருக்குத் தொண்டு செய்கிறாள் என்று சிநேகிதர் ஒருவர் சொன்னார். "அதில் என்ன விசேஷம்?" என்றேன். "போய்த்தான் பாரேன்" என்றார். போனேன்.

கூனிமேட்டுக்கு வெளிநாட்டார் வருவது புதிதல்ல. 1682-ஆம் ஆண்டிலேயே இங்கே ஐரோப்பியரின் பண்டகசாலை இருந்திருக்கிறது. "கூனிமேடு" என்ற பெயர் அவர்கள் நாக்கில் புரளவில்லை; "கோனிமீர்" என்று ஆக்கிக்கொண்டார்கள். 1690-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அப்புறம் கோனிமீரை யார் நினைக்கப் போகிறார்கள்? அவர்கள் வந்தது வாங்கவும் விற்கவும். லாபம் வேறிடத்தில் இருந்தால் வேறிடத்துக்குப் போக வேண்டியதுதானே!

அதற்கும் வெகு காலம் முந்திய விருந்தாளிகளும் உண்டு. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்றொரு கடற்கரை ஊர் வருகிறது. அது இன்றைய மரக்காணம்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. வழி நடந்து களைத்து வரும் பாணர்களுக்கு அந்த ஊர்ப் பரதவர் வீடுகளில் சுட்ட உலர்மீன் கிடைக்குமாம். முன்பின் தெரியாதவரை உட்கார வைத்து, இருப்பதைப் பரிமாறும் வழக்கம் இந்தக் கரையில் சுமார் இரண்டாயிரம் வருஷப் பழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பறவைகளும் அதை அறிந்திருக்கின்றன போலும். பக்கத்திலுள்ள கழுவேலிக்கு ஆண்டுதோறும் தூர தேசத்துப் பறவைகள் வந்து தங்குகின்றன. 2021-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அரசாங்கம் அறிவித்தது. அந்த விருந்தாளிகளுக்கு விசா கிடையாது!

மனித விருந்தாளிகளுக்கு உண்டு. சுற்றுலா விசாவில் வருகிறவர்கள், சம்பளம் வாங்காமல், ஒரு மாதத்துக்கு மேற்படாமல் தொண்டு வேலை செய்ய இந்திய அரசாங்கம் அனுமதிக்கிறது. வீட்டில் தங்க வைப்பவர்கள் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட வேண்டும். வீட்டுக்கார அம்மாள் அந்த ரசீதை அரிசிப் பானைக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாள்.

இப்படிப் போய்த் தொண்டு செய்யும் யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? முதல் உலக யுத்தம் முடிந்ததும், 1920-இல் பியேர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், பிரான்சில் வெர்டுன் போர்க்களத்தருகே இடிந்து கிடந்த கிராமத்தைச் சீர்படுத்த, பகை நாட்டார் என்று பாராமல் பல தேசத்தாரைக் கூட்டிச் சென்றார். 1934 ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் குலுக்கியபோது அதே மனிதர் இந்தியாவுக்கு வந்து, கிராமங்களை மறுபடி கட்ட மண் சுமந்தார்.

அந்நியர் வீட்டில் பிள்ளை போல் தங்கிப் பழகும் ஏற்பாட்டை 1932-இல் அமெரிக்காவில் டொனால்ட் வாட் என்பவர் ஆரம்பித்தார். இளமையில் அத்திட்டத்தில் சென்று வந்தவர்களில் ஒருவரான சார்ஜென்ட் ஷ்ரைவர், 1961-இல் அமெரிக்க அமைதிப் படையின் முதல் தலைவரானார். அந்தப் படையில் சேர்ந்துதான் ஒரு பாட்டி தம்முடைய 68-ஆவது வயதில் பம்பாயை அடுத்த விக்ரோலிக்கு வந்து 1966 முதல் 1968 வரை நோயாளிகளுக்குப் பணி செய்தார். பெயர் லில்லியன் கார்ட்டர். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார்!

நம் கரைக்கே வருவோம். 1968 பிப்ரவரி 28-ஆம் தேதி, கூனிமேட்டுக்குத் தெற்கே ஆரோவில் நகரம் துவக்கப்பட்டது. அப்போது அது மழைத் தண்ணீர் அரித்துக் கொண்டுபோன செம்மண் கட்டாந்தரை. இன்று காடு. வரப்பு போட்டு மழையைத் தடுத்து நிறுத்தி, மரங்களை நட்டார்கள். 2003-இல் அவிராம் - யோரித் ரோசின் என்ற இஸ்ரேல் தம்பதி அங்கே தொடங்கிய சாதனா வனத்தில், பல நாட்டுத் தொண்டர்கள் கீற்றுக் குடிசைகளில் தங்கி மண் வெட்டியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி இந்தக் கரையைத் தாக்கியபோதும் உதவிக் கரங்கள் எங்கெங்கிருந்தோ வந்தன.

இனி, நான் பார்க்கப் போன வீடு. ஓட்டு வீடு; வாசலில் முருங்கை. வீட்டுக்கார அம்மாளும் அவள் புருஷனும் மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அந்தப் பெண், பக்கத்திலுள்ள நாற்றங்காலில் காலையில் தண்ணீர் ஊற்றி, செடிகளுக்குச் சருகு மூடாக்குப் போடுகிறாள். நான் போனபோது மீன் குழம்புச் சோற்றை ஐந்து விரலாலும் பிசைந்து, கண்ணில் நீர் வழிய, "நல்லா இருக்கு, அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குழம்பின் காரமா, பாசமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அவள் கை கழுவப் போன சமயம், நான் மனத்திலிருந்த சந்தேகத்தை அவிழ்த்தேன். "ஏம்மா, இவள் ஏறி வந்த விமானத்துக்கு ஆன பணத்தில் உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் பல மாதக் கூலி கொடுக்கலாமே? மூன்று வாரத்தில் இவள் என்ன பெரிய வேலை செய்துவிடுவாள்?"

அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "நெசம்தாண்ணே. இது ஊத்துற தண்ணிய எங்க தெருப் பொண்ணு பாதி நேரத்துல ஊத்திடும்" என்றாள். "முதல்ல நானும் அதான் நெனச்சேன். தங்கறதுக்குக் காசு குடுக்குறாங்க, நமக்கு என்னன்னு இருந்தேன்."

பிறகு நடந்ததை அவள் சொன்னாள். இரண்டாவது வாரம், "நானும் உப்பளம் வரேன்" என்று அந்தப் பெண் பிடிவாதம் பிடித்தாளாம். விடியற்காலை இருட்டிலேயே போனார்கள். மழைக்காலத்தில் வெள்ளக்காடாகிவிட்ட பாத்திகளைத் தை, மாசியில் சேறு மிதித்துக் கெட்டிப்படுத்தினால்தான் உப்பு சுத்தமாக விளையும். உப்பு நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் சுண்டவிட்டு, கடைசிப் பாத்தியில் விளைந்ததை வாரிக் கரையேற்ற வேண்டும். அன்று அந்தப் பெண் அரை மணி நேரம் சேறு மிதித்தாள். காலில் சின்னக் கீறல் ஒன்று இருந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் பட்டதும் அலறிக்கொண்டு கரையேறிவிட்டாள்.

"ராத்திரி எங்கிட்ட வந்து உக்காந்து, எங்காலைத் தூக்கி மடியில வச்சிப் பாத்துச்சு. வெடிப்பு வெடிப்பா இருக்கே, எத்தினி வருசம்மான்னு கேட்டுச்சு. இருவத்திரண்டு வருசம்னேன். அப்புறம் ஒண்ணும் பேசல" என்றாள் அம்மாள்.

மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது. அதனால் உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் வெடித்த காலைப் பற்றி அந்த அம்மாளிடம் விசாரித்த முதல் ஆள், ஏழு கடலுக்கு அப்பாலிருந்து வர வேண்டியிருந்தது!

இதனால், வருகிற தொண்டர் எல்லாரும் வாழ்க என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளூர்க்காரர் கூலியைப் பறிக்கும் தொண்டு தொண்டல்ல. நாலு நாள் கொஞ்சிவிட்டுப் போய், பின்னால் குழந்தைகளை ஏங்க விடுவதும் தொண்டல்ல. தங்க இடம் கொடுக்கும் வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு நியாயமான பணம் போய்ச் சேராவிட்டால், அங்கே தொண்டு செய்கிறவள் அவள்தான், வந்தவர் அல்ல. கற்பிக்க வருகிறேன் என்பவரைவிடக் கற்றுக்கொள்ள வருகிறேன் என்பவருக்கே திண்ணையில் இடம் கொடுக்கலாம்.

புறப்படும்போது கேட்டேன்: "அப்படியானால் இந்தப் பெண் வந்ததில் உங்களுக்கு என்னதான் லாபம்?"

அம்மாள் யோசித்தாள். "லாபம்னு என்னத்தச் சொல்றது? முன்னல்லாம் தட்டோரத்துல வைக்கிற உப்ப அப்படியே மீதி வச்சிடும். உப்பளம் போய்ட்டு வந்ததுலேருந்து ஒரு கல்லு மீதி வைக்கிறதில்லண்ணே."

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று படித்திருக்கிறோம். உப்பை இட்டவரை நினைக்கிறோம், சரிதான். உப்பை எடுத்தவரை? பஸ் மரக்காணத்தைத் தாண்டும்போது இந்தத் தடவை நான் தூங்கவில்லை.