கேள்விக்குறியாய்ப் போன கோப்புறை

கணினி கற்கும் இளைஞர் பலர் பாடத்தின் கடினத்தாற் சோர்வதில்லை. பாடம் தொடங்குமுன், கருவிகளை ஒழுங்கு செய்யும் இடத்திலேயே சோர்ந்துவிடுகின்றனர். ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் இருக்கும் நாம் இதனைப் பலகாற் கண்டிருக்கிறோம். எனினும், அண்மையிற் சுன்னாகத்திற் கண்ட ஒன்று தமிழ்க் குடும்பங்கள் அறியத்தக்கது.

எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்நோக்கியிருந்தான். பாடசாலையிற் பைதன் கற்றவன். பல்கலைக்கழகம் புகுமுன் சி மொழியையும் பழக விரும்பினான். சி மொழியில் எழுதியதைக் கணினி நேரே நடத்திவிடாது. முன்செயலி, தொகுப்பான், பொறிமொழியாக்கி, இணைப்பான் என நால்வர் கைமாறிய பின்னரே அது இயங்கும் செய்நிரலாகும். ஒருவர் கையிற் தடைப்பட்டால் அடுத்தவருக்கு வேலையில்லை.

அவன் எழுதியது ஐந்தே வரி. அதுவும் இயங்கவில்லை. கோப்பைத் திறக்க இயலவில்லை என்னும் பொருள்பட ஒரு வழுச்செய்தி மட்டும் தோன்றிற்று. நண்பர் சொற்கேட்டுத் தொகுப்பானை அழித்து மீண்டும் நிறுவினான்; பயனில்லை. கடையொன்றிற் கொடுத்து விண்டோஸையே புதிதாக இடுவித்தான்; பணம் போயிற்று, வழு போகவில்லை. சந்தையில் மரக்கறி விற்கும் அவன் தந்தையார் எம்மைக் கண்டு, "மாஸ்ரர், பெடியன் கம்பியூட்டர் படிப்பே வேண்டாம் எண்டுறான். சீட்டுக் காசிலையெல்லோ அந்தப் பெட்டியை வாங்கினனான்" என்று வருந்தினார்.

மடிக்கணினியோடு அவனை வரவழைத்தோம். வழுச்செய்தியை உரக்க வாசிக்கச் சொன்னோம். அன்றுதான் அவன் அதனை முழுவதும் வாசித்தான் போலும்! கோப்பிருக்கும் இடத்தைச் சொல்லும் வரியின் நடுவே ஏழு கேள்விக்குறிகள் நிரையாக நின்றன.

"தம்பி, இதென்ன?" என்றோம்.

"அதிலை என்ரை கோப்புறையின்ரை பேர் வரவேணும், சேர். 'பயிற்சி' எண்டு தமிழிலை வைச்சனான்."

கண்ணுக்கு அச்சொல் நான்கு எழுத்து. கணினிக்கோ விசிறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாதலின் அது ஏழு. கேள்விக்குறி ஏழு வந்த காரணம் அதுவே. செய்நிரலில் ஓரெழுத்தும் மாற்றாது, ஆங்கில எழுத்தாற் பெயரிட்ட வேறொரு கோப்புறைக்கு அதனைப் பிரதி செய்து ஓட்டினோம். உடனே ஓடிற்று. மாற்றியது ஒன்றே ஆதலாற் காரணமும் ஒன்றே என்பது தெளிவாயிற்று. எல்லாவற்றையும் ஒருங்கே அழித்து நிறுவுவோருக்கு, ஒருவேளை வழு நீங்கினாலும் நீங்கியது எதனால் என்று தெரியாது.

மாணவன் முகம் மலரவில்லை. "அப்ப தமிழ்தான் பிழையோ, சேர்?" என்றான்.

அக்கேள்விக்கு விடை சொல்லாது அவனை அனுப்ப எமக்கு மனம் வரவில்லை. அவன் பயன்படுத்திய ஜி.சி.சி. என்னும் தொகுப்பானை றிச்சாட் ஸ்ரோல்மன் முதலில் வெளியிட்டது 1987 ஆம் ஆண்டில். உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் எண் வகுத்த யூனிக்கோட்டின் முதற்பதிப்பு, தமிழையும் சேர்த்து, 1991 இலேதான் வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் 256 இடங்கொண்ட குறிப்பக்கங்களே வழங்கின. விண்டோஸில் அத்தகைய பக்கம் தமிழுக்கு வகுக்கப்படவில்லை. யூனிக்கோட்டு வழியாகவே தமிழ் அங்கே புகுந்தது. பழைய தொகுப்பான்களோ கோப்பின் பெயரைப் பழைய பக்கத்தின் வழியே கேட்கின்றன. அப்பக்கத்தில் இல்லாத எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறி வந்து நிற்கின்றது. அவன் நண்பரிடம் வாங்கி நிறுவியதும் அத்தகைய பழைய வெளியீடே. அண்மைக்கால வெளியீடுகளுட் சில இக்குறையைக் களைந்துள்ளன.

சி மொழியின் 1999 ஆம் ஆண்டுத் தரத்திலேயே, பெயர்களில் வரத்தக்க எழுத்துக்களின் அட்டவணையில் தமிழும் இடம்பெற்றுள்ளது. 2020 இல் வெளிவந்த ஜி.சி.சி. பத்தாம் பதிப்பு அவ்வெழுத்துக்களை நேரே ஏற்கின்றது. இதனைக் காட்ட, 'மொத்தம்' என்றே ஒரு மாறிக்குப் பெயரிட்டு எமது கணினியில் ஓட்டினோம். அதன் பின்னரே பையன் சிரித்தான். கணினியிலே தமிழைத் தொடாதே என்று மாணவரை அதட்டும் நண்பர் சிலர் எமக்குண்டு. கோப்புறைக்கு இப்போதைக்கு ஆங்கிலப் பெயர் இடுக என்பதோடு நிறுத்திக்கொள்ளலாமே!

மறுவாரம் அவன் தொலைபேசியில் அழைத்தான். 'வின்மெயின்' என்பதைக் காணவில்லை என்று இணைப்பான் முறையிட்டதாம். அவன் எழுதாத சொல் அது. இம்முறை எதனையும் அழிக்காது, வட்டிலுள்ள கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறான். திரையில் வரிகள் இருந்தன; கோப்போ வெறுமை. சேமிக்க மறந்துவிட்டான். 'மெயின்' இல்லாத வெற்றுக் கோப்பைக் கண்ட இணைப்பான், இது சாளரச் செய்நிரலாக்கும் என்று வின்மெயினைத் தேடியிருக்கிறது. இவ்வளவையும் அவனே கண்டறிந்து விட்டு, எம்மிடம் சொல்வதற்காக மட்டும் அழைத்திருந்தான். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதலாவதாக எத்துறையை எழுதப் போகிறான் என்பதை அவன் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.