எதிர் வரிசை

காலை ஐந்து மணிக்கு என்னை எழுப்ப இப்போது யாரும் இல்லை. ஆனாலும் விழிப்பு வந்துவிடுகிறது. ராசிபுரம் பக்கத்து எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு ஒன்றிரண்டு தறிகள் ஓடத் தொடங்கியிருக்கும். முட்டை ஏற்றிய வண்டி ஏதாவது நாமக்கல் பக்கமிருந்து கடந்து போகும். எழுந்து உட்கார்ந்ததும் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை வரைகிறது. சேலத்து இளங்குருமடத்தில் பையனாக இருந்தபோது பழகிய பழக்கம் இது. குருப்பட்டம் பெறாமல் வெளியே வந்தவன் நான். வேலை, திருமணம், பிள்ளைகள், ஓய்வு என்று எல்லாம் ஆன பிறகும் அந்த வீட்டின் மேலுள்ள ஏக்கம் தீரவில்லை. வயது ஏற ஏறக் கூடுகிறது. எதற்காக ஏங்குகிறேன் என்று எனக்கே தெளிவாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பத்தாவது முடித்த கையோடு தகரப் பெட்டியுடன் வந்து இறங்கியவர்கள் நாங்கள். காக்காவேரி, ஆர்.சி. பேட்டப்பாளையம், எடப்பாடி, கோவிலூர், எலத்தகிரி என்று ஒவ்வொருவனுக்கும் ஓர் ஊர். சேலம் மறைமாவட்டம் அன்று காவிரிக் கரையிலிருந்து கர்நாடக எல்லை வரை நீண்டு கிடந்தது. தருமபுரி தனி மறைமாவட்டமானது 1997-ல். நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். எங்கள் காலத்தில் எல்லாமே சேலம். அப்பாக்கள் உழவர்கள், நெசவாளர்கள், லாரி ஓட்டுநர்கள், ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு சுமந்தவர்கள். ஊரில் உபதேசியாரோ பங்குச் சாமியாரோ, "இந்தப் பையனைச் சாமியாருக்குப் படிக்கப் போடலாமே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தையில் வீடே ஒரு வாரம் தூங்கியிருக்காது.

மணி அடிக்கும். எழுந்து, தொட்டியில் முகம் கழுவி, அரைமணி நேரத்தில் கோவிலில் இருக்க வேண்டும். காலைப்புகழ், தியானம், திருப்பலி. பிறகு கூட்டிப் பெருக்குவது. யாருக்கு எந்த இடம் என்று பலகையில் எழுதியிருக்கும். ஒரு வாரம் வராந்தா, ஒரு வாரம் கழிவறை, ஒரு வாரம் மாட்டுக் கொட்டகை. பள்ளி முடிந்து வந்தால் கால்பந்து. சனிக்கிழமை தோட்ட வேலை: குச்சிக்கிழங்குக்கு மண் அணைப்பது, நிலக்கடலை பறிப்பது, தென்னைக்குத் தண்ணீர் கட்டுவது. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் மாலைக் காற்றில் வேர்வை உலர, முற்றத்தைச் சுற்றி நடந்தபடியே செபமாலை. பிறகு படிப்பறை. இரவுச் சாப்பாட்டின்போது ஒருவன் மேடையில் நின்று புனிதர் வரலாறு வாசிப்பான்; மற்றவர்கள் பேசாமல் சாப்பிடுவோம். வாசிப்பவன் தடுமாறினால் அதிபர் தந்தை மணியைத் தட்டித் திருத்துவார். நான் இன்றைக்கு நாலு பேர் முன் நின்று பிழையில்லாமல் தமிழ் வாசிக்கிறேன் என்றால் அந்த மேடைதான் காரணம்.

இரவு மன்றாட்டு முடிந்தால் பேரமைதி. மறுநாள் காலைத் திருப்பலி முடியும்வரை ஒரு சொல் பேசக் கூடாது. முதல் மாதம் அது தண்டனையாகத் தெரிந்தது. பிறகு அதற்குள் வேறொன்று இருப்பது புரிந்தது. நாற்பது ஐம்பது பேர் ஒரே கூடத்தில் படுத்திருக்க, ஒருவரும் பேசாதபோது, ஒவ்வொருவனின் இருப்பும் தெளிவாகத் தெரியும். இருமுபவன் யார், வீட்டை நினைத்து விசும்புபவன் யார், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்பவன் யார் என்பதெல்லாம் இருட்டிலேயே தெரிந்துவிடும். விசும்பியவனுக்கு மறுநாள் காலையில் யாரோ ஒருவன் தன் முறுக்கில் பாதியைக் கொடுத்திருப்பான். ஏன் என்று சொல்ல மாட்டான்.

மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர் பார்க்க வருவார்கள். அம்மா பேருந்து மாறி மாறி வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பார். "ஏஞ்சாமி, எளச்சுப் போயிட்டியே" என்பதுதான் எப்போதும் முதல் பேச்சு. கொண்டுவந்த தட்டுவடையும் கடலை உருண்டையும் என் கைக்கு வந்தாலும் என் பெட்டிக்குள் போகாது. எல்லாருடைய பொட்டலமும் பொது அலமாரிக்கு. யாரும் வராத பையன்களும் இருந்தார்கள் என்பதால் அந்த ஏற்பாடு. சாப்பாட்டு மேசையில் உட்காருவதும் வயது வரிசைப்படிதான். எங்கள் ஊர்க் கோவிலிலும் கல்லறையிலும் சாதி பார்த்து நின்ற காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எந்தத் தெருப் பையன் எந்தத் தெருப் பையனுக்குக் குழம்பு ஊற்றுகிறான் என்பது எவ்வளவு பெரிய செய்தி என்று அப்போது தெரியவில்லை. கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது தெரிந்தது.

இந்த வீடு எங்கள் சமவெளிக்கு வந்த வழி நீளமானது. குருக்களைப் பயிற்றுவிக்கக் குருமடங்கள் வேண்டும் என்று திரிதெந்து பொதுச்சங்கம் ஆணையிட்டது 1563-ல். இராபர்ட் தெ நொபிலி சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தது 1623-ல். வெளியிலிருந்து வந்த குருக்கள் காடும் மேடும் நடந்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். உள்ளூர்ப் பையன் பீடத்தில் ஏற வெகுகாலம் ஆயிற்று. அந்தந்த நாட்டு மக்களிலிருந்தே குருக்களை உருவாக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு 1658-ல் தொடங்கியது பாரிஸ் வேதபோதக சபை. அது சயாமின் அயுத்தியாவில் 1665-ல் ஒரு குருமடம் வைத்தது. போர் வந்தபோது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஓடி, கடைசியில் 1770-ல் புதுச்சேரிக்கு அருகே மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் அடைக்கலம் புகுந்தது. புதுச்சேரியிலேயே நம் நாட்டுப் பையன்களுக்கான குருமடம் 1778-ல் தொடங்கியது. அதுவே 1934-ல் பெங்களூர் மல்லேஸ்வரத்துக்கு இடம் மாறி, புனித பேதுரு குருமடமாக நிற்கிறது. சேலத்து இளங்குருமடத்தில் எனக்கு மூத்தவர்கள் பலர் மெய்யியலும் இறையியலும் படிக்கப் போனது அங்கேதான்.

இந்த வரலாற்றில் எனக்கு மிக நெருக்கமானவர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். 1842-ல் புதுச்சேரி வந்து தமிழ் கற்றுக்கொண்டவர்; அடுத்து அனுப்பப்பட்டது நம் சேலத்துக்கு. சேலத்துப் புழுதியில் சுற்றிய அந்த இளம் குரு, 1844-ல் புதுச்சேரியில் கூடிய சினோடில் கலந்துகொண்டார். உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதே முதல் வேலை என்ற குரல் அங்கே ஓங்கியது. அதே ஆண்டு புதுச்சேரிச் சிறிய குருமடத்தின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. பெத்தி செமினேர் என்ற பெயரோடு அந்த நிறுவனம் பள்ளியாக இன்றும் இயங்குகிறது. 1846-ல் ஆயரான பிறகு கோயம்புத்தூர் மறைபரப்புத் தளத்தில் கருமத்தம்பட்டியை மையமாகக் கொண்டு உழைத்தார். அங்கேயும் குருமடம் கட்டினார். இந்தியக் குருக்களை ஐரோப்பியக் குருக்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. அதிலும் வேறு சில கேள்விகளிலும் மனம் ஒப்பாமல் 1855-ல் பதவியைத் துறந்தார். மறு ஆண்டு ஆப்பிரிக்காவுக்கென ஒரு மறைபரப்புச் சபையைத் தொடங்கி, 1859-ல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். நம் ஊர்ப் பையன்களால் முடியும் என்று நம்பிய ஒருவர் சேலத்தில் நடந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அவர் நம்பியதற்கு விடையாகத்தான் 1930 மே 26-ல் சேலம் தனி மறைமாவட்டமானதையும், முதல் ஆயரான பிரெஞ்சுக்காரர் புருனியேவுக்குப் பிறகு 1949-ல் வெண்மணி செல்வநாதர் என்ற தமிழர் ஆயரானதையும் நான் பார்க்கிறேன்.

இன்னொரு குருமடத்தின் கதையும் உண்டு. இந்தியாவின் பிள்ளைகளே இந்தியாவின் மீட்புக்குப் பணியாளர்களாக வேண்டும் என்ற எண்ணத்தோடு திருத்தந்தை 13-ம் லியோ 1893-ல் கண்டியில் பாப்பிறைக் குருமடத்தை நிறுவினார். நாடுகள் விடுதலை பெற்று, கடல் தாண்டிப் போய்வருவது கடினமானபோது, 1955-ல் அது புனேவுக்கு மாறியது. அம்பிட்டிய மலையிலுள்ள பழைய கட்டடம் இலங்கையின் தேசியக் குருமடமாயிற்று. அயுத்தியாவை விட்டார்கள், புதுச்சேரியை விட்டார்கள், கண்டியை விட்டார்கள். இவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று விளங்கியது. குருமடம் தன் கட்டடத்தை எங்கேயும் விட்டுவிட்டுப் போகும். நாள் ஒழுங்கை மட்டும் விடாது. மணி, மௌனம், புகழ்மாலை, பொது மேசை, தோட்ட வேலை ஆகிய இவ்வளவும் போன இடத்தில் மறுநாளே தொடங்கிவிடும். ஏனென்றால் அவற்றைச் சுமந்துபோனது ஒரு கூட்டம்.

நான் தனியாக வெளியே வந்தேன். அதில் எனக்குக் கசப்பு இல்லை. ஆன்மகுருவிடம் பலநாள் பேசி, செபித்து, என் அழைத்தல் குடும்ப வாழ்வுக்கே என்று தெளிந்துதான் வந்தேன். குருமடம் என்பதே ஒருவன் விட்டுப்போவதற்காகக் கட்டப்பட்ட வீடு. பட்டம் பெற்றவனும் அதை விட்டுப் பங்குக்குப் போகிறான். பட்டம் பெறாதவனும் விட்டு வீட்டுக்குப் போகிறான். என் தோழர்களில் குருக்களானவர்களைப் பார்க்கும்போது அவர்களுக்கும் இதே ஏக்கம் இருப்பது தெரிகிறது. மலையடிவாரப் பங்கு ஒன்றில் தனியாக இருக்கும் நண்பர் ஒருமுறை சொன்னார்: "பூசைக்கு நூறு பேர் வர்றாங்கப்பா. புகழ்மாலை மட்டும் நானும் சுவருந்தான்."

அவர் சொன்ன அந்த இடத்தில்தான் என் ஏக்கமும் இருக்கிறது. காலைப்புகழையும் மாலைப்புகழையும் நாங்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று சொல்வோம். முதல் வரிசை ஒரு சரணம். எதிர் வரிசை அடுத்த சரணம். ஓர் அடியின் நடுவில் எல்லாரும் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தம் எவ்வளவு நேரம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்தில் நிற்பவனின் மூச்சைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்ள முடியும். குரல் உயர்ந்தவன் தாழ்த்திக்கொள்வான், அவசரக்காரன் காத்திருப்பான், முந்தின நாள் கால்பந்துத் திடலில் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவன் எதிர் வரிசையில் நின்று நான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். வேறு சமாதானப் பேச்சு தேவைப்படாது. திருப்புகழ்மாலைப் புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. தினமும் சொல்கிறேன். எல்லாச் சரணமும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. மணியை நானே வைத்துக்கொள்ளலாம், மௌனத்தை நானே காக்கலாம். எதிர் வரிசையை மட்டும் தனி ஒருவனால் உண்டாக்கிக்கொள்ள முடியாது.

காலம் மாறுவதை அறிவேன். ஒன்றோ இரண்டோ பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து ஒருவனைக் குருமடத்துக்கு அனுப்புவது எளிதில்லை. பன்னிரண்டாவது முடித்த பிறகு, ஏன் பட்டப்படிப்பு முடித்த பிறகுகூட யோசிக்கட்டும் என்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு. குருத்துவப் பயிற்சி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் தந்த ஏடு, பயிற்சியை அந்தந்த நாட்டின் தேவைக்கும் காலத்துக்கும் ஏற்ப அமைக்கச் சொல்லியது. ஆண்டுதோறும் பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறன்று, இறையழைத்தலுக்காக எல்லாப் பங்குகளிலும் மன்றாடுகிறோம். என் மன்றாட்டில் ஒன்று கூடுதலாக உண்டு. குருக்களாகப் போகிறவர்களுக்கு மட்டும் வாய்த்த அந்தக் கூட்டு வாழ்வின் ஒரு பிடி, ஊரில் இருக்கும் மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. ஞாயிறு, பெருவிழா நாள்களில் மாலைப்புகழைக் கோவிலில் மக்களோடு சேர்ந்து சொல்ல மேய்ப்பர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று திருவழிபாடு பற்றிய சங்க ஏடு 1963-லேயே சொல்லியிருக்கிறது. பொதுநிலையினர் தங்களுக்குள் கூடிச் சொல்லவும் ஊக்கம் தந்திருக்கிறது. நம் சமவெளியின் ஊர்க் கோவில்களில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் பாயில் உட்காருகிறார்கள். இரண்டு வரிசையும் தயாராகவே இருக்கின்றன. புத்தகம் பத்து இருந்தால் போதும். அரைமணி நேரம் போதும். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பாட்டியும் கற்றுக்கொள்ள முடியும், கல்லூரிப் பையனும் காத்திருக்கப் பழக முடியும். சேலத்திலும் நாமக்கல்லிலும் ஒவ்வொரு பங்கிலும், குருமடத்தில் சில காலம் இருந்து வெளியே வந்தவர் ஒருவராவது இருப்பார். ஊர் அவரைப் பாதியில் விட்டுவந்தவர் என்று சொல்லும். அந்தப் பாதியில் அவர் கற்றுக்கொண்டது ஊருக்குத் தேவைப்படுகிறது. முதல் சரணத்தை அவர் தொடங்கட்டும்.