அழுத்தித் தேய்த்தால் கிழியும்

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அங்கே 'கொம்' என்றால் ரப்பர். தப்பாக எழுதிவிட்டு அவசரத்தில் அழுத்தித் தேய்த்தால் எழுத்தோடு தாளும் கிழியும். முகத்தில் படிந்த இறந்த தோலைத் தேய்த்து எடுப்பதற்கும் பிரெஞ்சில் அந்தச் சொல்லிலிருந்து வந்த பெயர்தான்: 'கொம்மாஜ்'.

போன பௌர்ணமிக்குக் கிரிவலம் போக வந்த பேத்தியைப் பார்த்ததும் அந்தச் சொல் ஞாபகம் வந்தது. கன்னம் இரண்டும் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிகிறது என்றாள். காலையில் வால்நட் ஓட்டுத் தூள் கலந்த ஸ்க்ரப், ராத்திரி கிளைகாலிக் ஆசிட். தினமும்!

"முகம் பளிச்சுன்னு ஆகணும் தாத்தா" என்றாள். இதே பேச்சை 1966இல் எங்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறேன்.

அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அக்கா மாநிறம். "கொஞ்சம் நிறமா தெரியட்டும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரையைத் தோய்த்து நான்கு நாள் விடாமல் தேய்த்தாள். தேய்த்த கையோடு மாடியில் வெயிலில் வடகம் காயப்போட்டாள். முகம் கன்றி, பிறகு திட்டுத் திட்டாகக் கறுத்தது. வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, "பொண்ணுக்குத் தோல் வியாதி ஏதாவது உண்டா?" என்று கேட்டார்கள். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கறுப்பு மறைய ஆறேழு மாதம் ஆயிற்று. கடைக்குப் போய் அந்த எலுமிச்சம்பழங்களை வாங்கி வந்தவன் நான்.

பேத்தியை இங்கேயே ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் பொறுமையாக விளக்கினார். மேல்தோல் தானாகவே உதிர்ந்து புதிதாகிறது. இளம் வயதில் அதற்குச் சுமார் 28 நாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி என்று வைத்துக்கொள்ளலாம். வயதானால் இன்னும் தாமதமாகும், தோலும் மெலியும். நம் நிறத்துத் தோலில் புண்பட்ட இடம் சீக்கிரம் கறுக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் வெந்தே போகும்.

எரிச்சல் முழுக்க அடங்கும் வரை இரண்டையும் நிறுத்தச் சொன்னார். அப்புறமும் வாரம் ஒரு தடவை போதும். ஸ்க்ரப் என்றால் ஸ்க்ரப், ஆசிட் என்றால் ஆசிட், இரண்டும் சேர்த்துக் கூடாது. ஸ்க்ரப்பும் நைசாக இருக்க வேண்டும். ஈர முகத்தில் விரல் நுனியால் அரை நிமிடம் மெதுவாகத் தடவி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். பகலில் வெளியே போனால் சன்ஸ்கிரீன். பருவும் காயமும் இருக்கும் இடத்தில் கை வைக்கவே கூடாது.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. குதிகால் தேய்க்கும் கல்லை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பயத்தமாவு என்றாலும் நன்றாகச் சலித்துக் குழைத்துத் தடவுங்கள். ஆறாத புண்ணோ, ரத்தம் கசியும் மச்சமோ இருந்தால் தேய்த்துப் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆபீசில் பணிப் பதிவேட்டில் ரப்பர் வைக்க விடமாட்டார்கள். தப்பு நேர்ந்தால் ஒரு கோடு அடித்துச் சுருக்கொப்பம் போட வேண்டும், பழைய எழுத்து அடியில் தெரிய வேண்டும். முகமும் அப்படித்தான் என்று பேத்தியிடம் சொன்னேன். சிரித்தாள். அக்கா கதையைச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை.