பெல்லம்மாவும் பனையோலை விசிறியும்

எங்கள் ஊர்களில் நாய்க்கென்று தனியாக உலை வைப்பதில்லை. மிஞ்சின சோற்றில் மீன் தலையும் குழம்பும் விட்டுப் பிசைந்து சட்டியில் வைத்தால் தின்னும், இரவில் வளவைக் காக்கும். படலையடியில் ஒரு நாய் கிடந்தால்தான் கண்ணயர முடிகிறது என்று, கணவரை இழந்த எத்தனையோ சகோதரிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். போர்க்காலத்தில் நாய் குரைக்கிற விதத்தை வைத்தே ஒழுங்கையில் நடமாட்டத்தைக் கணித்தவர்கள் இவர்கள். நான் வீடு வீடாக நிரப்புகிற படிவத்தில் மாடு, ஆடு, கோழிக்கு இடம் உண்டு, நாய்க்கு இல்லை. சமூகவியல் படித்த காலத்திலும் இதைக் கேட்கும்படி யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் கேட்பேன், கேட்டதை ஓரத்தில் குறித்துக்கொள்வேன்.

அளவெட்டிப் பக்கம் நான் போய்வருகிற ஒரு வீட்டில் இருப்பது ஊர்நாய் அல்ல, புல்டோக். அந்த அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. தனியே இருக்கிறார். 2021 மார்கழியில் இலண்டனிலிருந்து வந்து நின்ற மகன், "அம்மாவுக்குக் காவல்" என்று கொழும்பில் மூன்று மாதப் பெட்டைக் குட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பேரப்பிள்ளைகள் வைத்த பெயர் பெல்லா. அம்மா கூப்பிடுவது பெல்லம்மா என்று.

முகத்தைப் பார்த்தால் யாரும் பயப்படுவார்கள், அது உண்மை. ஆனால் அது அதிகம் குரைப்பதில்லை. வந்தவர் காலடியில் படுத்துக் குறட்டை விடும். இங்கிலாந்தில் முற்காலத்தில் கட்டி வைத்த காளையை நாய்களை விட்டுக் கடிக்க வைப்பது ஒரு வேடிக்கையாக இருந்தது. அதற்கென்று வளர்த்த நாய் என்பதால்தான் இந்தப் பெயர். 1835இல் அந்த விளையாட்டைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பிறகு அழகுக்காக வளர்க்க வளர்க்க மூக்கு இன்னும் உள்ளே போனது, முகத்தில் மடிப்புக் கூடியது. நாய்க்கு எங்களைப் போல உடம்பு முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூக்கும் தொண்டையும் ஒடுங்கிய புல்டோக்குக்கு அந்த வழியும் பாதி அடைபட்டிருக்கிறது. குளிர் தேசத்திலேயே வெயில் நாளில் திணறும் பிராணியை யாழ்ப்பாணத்துச் சித்திரை, வைகாசி வெயிலுக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை.

அதிலும் அது 2022ஆம் ஆண்டு. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. மின்விசிறி நின்றுவிட, அம்மா பனையோலை விசிறியை எடுத்தார். இரவு முழுக்கத் தனக்கொரு வீச்சு, பெல்லம்மாவுக்கொரு வீச்சு. அயலில் சிலர் சிரித்தார்கள். "மனிசருக்கே வழியில்லை, நாய்க்கு விசிறியோ?" என்று என்னிடமும் கேட்டார்கள். அந்த நேரத்தில் அது நியாயமான கேள்விதான். ஆனால் யாருக்காகவும் விடிய எழும்பத் தேவையில்லாமல் போன ஒருவருக்கு எழும்ப ஒரு காரணம் கிடைத்திருந்தது. அதையும் நான் கணக்கில் எடுத்தேன்.

வைகாசியில் ஒருநாள் பதினொரு மணியளவில் நான் அங்கே நின்றபோதுதான் அது விழுந்தது. படலையில் யாரோ வந்ததென்று சுடுமணலில் ஓடிப்போய்த் திரும்பிய நாய், விறாந்தைப் படியில் கால் தள்ளாடிச் சரிந்தது. நாக்கு கருஞ்சிவப்பு, வாயில் கயிறு போல எச்சில், மூச்சு இரைச்சல். பெற்றோல் இல்லாத நாட்கள். முச்சக்கரவண்டிக்காரர் வரிசையில் நின்றார். மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். "கொண்டு வர முதல் குளிர்விடுங்கோ" என்றார். மாமர நிழலுக்கு இழுத்துக்கொண்டு போய், வயிறு, தொடையிடுக்கு, பாதம் எல்லாவற்றிலும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி விசிறினோம். ஐஸ் வேண்டாம், ஈரச்சாக்கால் மூடவும் வேண்டாம், மூடினால் சூடு உள்ளேயே நிற்கும் என்று சொன்னார். வாயில் தண்ணீரைப் பலவந்தமாக ஊற்றக்கூடாது, தானாகக் குடித்தால் சிறிது சிறிதாக வைக்கலாம்.

விசிறிக்கொண்டே அம்மா சொன்னார்: "தொண்ணூற்றைஞ்சில எங்கட நாயை விட்டிட்டுத்தான் போனம் பிள்ளை. கயிற்றை அவிட்டு விட்டிட்டுப் போனது. அடுத்த சித்திரையில திரும்பி வர, சோத்துச்சட்டி மட்டும் கிணத்தடியில கிடந்தது."

1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமத்தைவிட்டுக் கிளம்பிய எல்லோருக்கும் இப்படி ஒரு சட்டி நினைவில் இருக்கும். நான் அப்போது சிறு பிள்ளை.

அரை மணித்தியாலத்தில் மூச்சு அடங்கியது. பின்னேரம் பக்கத்துத் தோட்டக்காரரின் லான்ட்மாஸ்டரில் ஏற்றி வைத்தியரிடம் காட்டினோம். தேறி எழும்பிவிட்டாலும் காட்டத்தான் வேண்டும், உள்ளுறுப்புகள் பிறகும் பாதிக்கப்படலாம்.

அன்றிலிருந்து அந்த வீட்டு நடைமுறை மாறியது. விடியற்காலை ஐந்தரைக்கு ஒழுங்கையில் கால் மணித்தியால நடை, பிறகு பொழுதுபட்டபின் கொஞ்சம். கழுத்துப்பட்டி மூச்சை இறுக்கும் என்பதால் நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டி. நீரிழிவுக்கு நடக்கச் சொல்லிக் கிளினிக்கில் வருடக்கணக்காகச் சொல்லியும் அசையாத அம்மா இப்போது தினமும் நடக்கிறார்.

சாப்பாடும் அப்படித்தான். இறக்குமதித் தீன் வாங்கக் கட்டாது, அந்த வருடம் கடைகளில் கிடைக்கவும் இல்லை. வைத்தியரிடம் கேட்டு, முள் எடுத்த மீன் அல்லது தோல் நீக்கிய கோழி இறைச்சி, பூசணிக்காய், கரட், அளவான சோறு என்று உப்பும் உறைப்பும் போடாமல் அவிக்கிறார். வெறும் சோறு போதாது, இறைச்சியோ மீனோ முட்டையோ சேரவேண்டும். வெங்காயம், உள்ளி போட்ட குழம்பு எந்த நாய்க்கும் ஆகாது, இரத்தத்தைக் கெடுக்கும். சொக்கிலேற், முந்திரிகைப் பழமும் அப்படியே. அவித்த எலும்பு குடலில் குத்தும். ஒரே நேரத்தில் வயிறு முட்ட வைக்காமல் இரண்டு வேளையாகத் தட்டையான தட்டில் வைக்கவேண்டும், தின்றவுடன் ஓடவிடக்கூடாது. தடவிப் பார்த்தால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கொழுத்தால் மூச்சு இன்னும் கஷ்டம். "பாவம், பசிக்குதாக்கும்" என்று அம்மா விசுக்கோத்துக் கொடுப்பதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை.

முக மடிப்புகளைத் தினமும் ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். வாலடியும் அப்படியே. ஈரம் தங்கினால் புண்ணாகி மணக்கும். எங்கள் கைமருந்தான தேங்காயெண்ணெய் இங்கே உதவாது, மடிப்பில் ஊத்தையைப் பிடித்து வைக்கும். காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பது எந்த நாய்க்கும் பொது. உண்ணியால் வரும் காய்ச்சல் நாயைக் கொன்றுவிடும்.

போன வருடம் ஒருவர் வந்து, சுயதொழில் கடன் எடுத்துப் பெல்லம்மாவைக் குட்டி போடவிட்டால் ஒரு குட்டியை நல்ல விலைக்கு விற்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அம்மா படிவத்தோடு என்னிடம் வந்தார். புல்டோக் குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு ஒடுக்கம். அநேகமாக வயிற்றைக் கீறித்தான் குட்டியை எடுக்கவேண்டி வரும். அந்தச் செலவும் ஆபத்தும் அவர் காட்டிய கணக்கில் இல்லை. கடன் எடுத்து மாட்டிக்கொண்ட சகோதரிகளை நான் கண்டிருக்கிறேன், இதிலும் ஒருவர் மாட்டக்கூடாது. அம்மா படிவத்தை மடித்து அடுப்படியில் வைத்தார். அடுத்த மாதம் பெல்லம்மாவுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தோம். இந்த இனத்துக்கு மயக்க மருந்தும் கவனமாகத்தான் கொடுக்கவேண்டும் என்பதால் அனுபவமுள்ள வைத்தியரைத் தேடிப் போனோம்.

உங்கள் வீட்டில் இருப்பது ஊர்நாயானால் இவ்வளவு பாடு இல்லை. வெயிலைத் தாங்கும், காவலும் நன்றாகக் காக்கும். நாய் வளர்க்க யோசிக்கும் சகோதரிகளுக்கு நான் ஊர்க்குட்டியைத்தான் சொல்வேன். எந்த நாயானாலும் விசர்நோய்த் தடுப்பூசி வருடா வருடம் வேண்டும். 1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நோயால் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அந்தத் தொகை வருடத்துக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியதற்கு நாய்களுக்குப் போட்ட ஊசி ஒரு முக்கிய காரணம். அரசாங்கம் இதை இலவசமாகப் போடுகிறது. எப்போது, எந்த இடத்தில் என்பதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வளர்த்த நாயே கடித்தாலும், பல் கீறினாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். நாய்க்குப் போட்ட ஊசி அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.